சீந்தில் வேலியில் வளர்ந்த பூச்சி

மலைச்சரிவில் ஒரு சிறிய ஆசிரமம். அதை நடத்திய ஞானாம்பிகை அம்மையாருக்கு நாற்பது வயது. அவரிடம் சீடராக வந்து சேர்ந்த சிதம்பரதாணுவுக்கு அறுபது. ஆரஞ்சுத் தோட்டம் சிதம்பரதாணுவின் பொறுப்பு.

அந்தப் புரட்டாசியில் பழங்கள் பறிக்கும் முன்பே உதிர்ந்தன. ஒவ்வொன்றிலும் ஊசி குத்தியதுபோல் ஒரு துளை. அதைச் சுற்றி அழுகல். பழம் பறிக்க வரும் பேச்சியம்மாளின் முந்தானையில் ஒரு கோணி ஊசி செருகியிருந்ததைச் சிதம்பரதாணு பார்த்தார். முந்தின வாரம் அவள் கேட்ட விடுப்பை அவர் மறுத்திருந்தார். அந்தக் கோபத்தில் குத்துகிறாள் என்று முடிவுகட்டினார். பழியைச் சொல்லி, இனி வரவேண்டாம் என்றார். அவள் கூடையை வைத்துவிட்டுப் போனாள்.

அதன்பிறகும் பழங்கள் உதிர்ந்தன.

ஒரு காலையில் கிளையில் ஒட்டியிருந்த சருகைத் தட்டினார். சருகு சிறகை விரித்தது. உள்சிறகு ஆரஞ்சு நிறம், அதில் ஒரு கறுப்பு வளைவு. பெரிய அந்துப்பூச்சி. அதன் உறிஞ்சுகுழல் ஊசிபோல் விறைப்பாக இருந்தது. ஒரு டப்பாவில் அடைத்து அம்மையாரிடம் கொண்டுபோனார்.

அம்மையார் அதைப் பார்த்துவிட்டு, மருந்துக்காகச் சீந்தில் படரவிட்ட வேலிக்கு அவரை அழைத்துப் போனார். இலைக்கடியில் ஒரு கரும்பழுப்புப் புழு, விலாவில் கண் போன்ற புள்ளிகளோடு தின்றுகொண்டிருந்தது. புழுவாக இருக்கும்வரை சீந்தில் இலைதான் உணவு, பூச்சியான பின் இரவில் பழத்தைத் துளைத்துச் சாறு குடிக்கும், பகலில் சருகுபோல் கிடக்கும் என்று சொன்னார்.

அந்தக் கொடியை நட்டுத் தண்ணீர் ஊற்றியது சிதம்பரதாணுதான்.

மதியமே பேச்சியம்மாள் வீட்டுக்கு நடந்தார். மாலையில் திரும்பினார்.

"மன்னிப்புக் கேட்டேன், அம்மா. குடிக்கத் தண்ணீர் கொடுத்தாள். வேலைக்கு வரமாட்டேன் என்கிறாள்."

"வேறென்ன சொன்னார்?"

"ஊரில் அவளை ஊசிக்காரி என்றுதான் கூப்பிடுகிறார்களாம்."

"பழி சொன்னபோது யார் யார் இருந்தார்கள்?"

"பறிக்க வந்த எல்லாரும். நீங்களும் இருந்தீர்கள்."

"மன்னிப்புக் கேட்டபோது?"

சிதம்பரதாணு தலைகுனிந்தார். "நாங்கள் இருவர்தான்."



"நாளைக்குச் சந்தை. எல்லாரும் வருவார்கள், ஐயா. முதலில் நீங்கள் சொல்லுங்கள். அடுத்து நான் சொல்கிறேன். அன்றைக்கு நானும் வாயைத் திறக்கவில்லை."