அட்டைத் தவளை

இந்தக் கதையை எனக்கு முதலில் சொன்னவர் எங்கள் தெருக்கோடி வீட்டு மரகதவல்லி அக்கா. என் சின்னவன் வேலைக்கென்று வடக்கே கிளம்பிப் போன பங்குனி மாதம், மாரியம்மன் கோயிலில் பூத் தொடுத்துக்கொண்டிருந்தபோது சொன்னார். அவர் சொன்னபடியே சொல்கிறேன். நடுவில் என் வாய்ச்சொல்லும் கொஞ்சம் கலந்திருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பவானி ஆற்றங்கரையில் ஒரு சின்ன ஆசிரமம். அதை நடத்தி வந்தவர் ஒரு சாமியம்மா. வயது நாற்பதுகூட இருக்காது. தன்னைவிட மூத்த பெண்களை அவர் 'அக்கா' என்றுதான் கூப்பிடுவார். அவர்களோ அவரை 'சாமி' என்பார்கள்.

தெய்வாத்தாள் அங்கே பழைய சீடர். புருஷன் தவறிய பிறகு ஒற்றை மகளை வளர்த்துக்கொண்டு, வெள்ளிக்கிழமை தவறாமல் வந்து அடுப்படி வேலை பார்ப்பவர். சாமி ஒன்று சொல்லிவிட்டால் அவருக்கு மறுபேச்சு கிடையாது.

அன்றைக்கு அவர் வந்தது வெள்ளிக்கிழமை இல்லை. மகள் சிந்துஜாவின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு விறுவிறுவென்று வந்தார். மகளின் தோளில் பெரிய பை. வாசலில் ஆட்டோ காத்து நிற்கிறது.

விஷயம் இதுதான். சிந்துஜாவுக்கு ரயில் ஓட்டுகிற வேலை கிடைத்திருந்தது. ஊர் வடக்கே வெகுதூரத்துப் பிலாஸ்பூர். சாயங்காலம் ஈரோட்டில் வண்டி ஏற வேண்டும்.

"நீ வேண்டாம்னு ஒரு வார்த்தை சொன்னா நான் போகலைம்மா. ஆனா சாமி முன்னாடி வெச்சுச் சொல்லு. அப்புறம் நான் அதைப் பத்திப் பேசவே மாட்டேன்" என்று சொல்லிவிட்டாள் அந்தப் பெண்.

அந்த வார்த்தையைத் தன் வாயால் சொல்லத் தெய்வாத்தாளுக்கு மனசு வரவில்லை. சாமி வாயிலிருந்து வந்துவிட்டால் பழி தன்மேல் இல்லை. அந்த நினைப்பில்தான் வந்தார்.

உள்ளே காலை வைத்தால் ஒரே அமளி!

பள்ளிக்கூடங்களுக்கு லீவு. ஊர்ப்பிள்ளைகள் அத்தனையும் ஆசிரமத்துக் கூடத்தில்தான். தரையெல்லாம் வண்ண வண்ண அட்டை. சாக்பீஸால் இந்த முனையில் ஒரு கோடு, அந்த முனையில் ஒரு கோடு. நடுவில் சாமி, காவிச் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, முட்டி போட்டு உட்கார்ந்திருக்கிறார். பூசைக்குப் போட்ட மைக்கை இன்னும் கழற்றாத மைக்செட் பொன்னுசாமி, ஒரு கையில் டீ டம்ளரும் மறு கையில் மைக்குமாக வர்ணனை சொல்லிக்கொண்டிருக்கிறார்.

"பச்சைத் தவளை முந்துது! மஞ்சளை விட்டுட்டுப் போகுது பாருங்க! அடடா, மஞ்சள் மல்லாந்துருச்சு! யாராச்சும் டாக்டரைக் கூப்பிடுங்க!"

பிள்ளைகள் கத்திய கத்தலில் ஓடு பெயர்ந்துவிடும் போலிருந்தது.

தெய்வாத்தாள் காதைப் பொத்திக்கொண்டு குனிந்தார். "சாமி, ஒரு வார்த்தை கேக்கோணுமுங்க."

"வாங்கக்கா! நல்ல நேரத்துக்கு வந்தீங்க. ஆளுக்கொரு அட்டை எடுங்க."

"விளையாட்டு இல்லீங்க சாமி. ஆட்டோ நிக்குது. இவ ரயில் ஓட்டப் போறாளாம். ரயில்ல ஏறி உக்காரவே பயப்படறவ நானு, என் வயித்துல பொறந்தது ரயிலையே ஓட்டப் போறேங்குது. இந்தி தெரியாது. ராத்திரி பகல்னு இல்லாத வேலை. போகச் சொல்றதா, வேண்டாங்கறதா? நீங்க ஒண்ணு சொல்லீட்டீங்கன்னா..."

"தவளை மடிக்கத் தெரியுங்களா?"

"சாமி!"

"பசை வேண்டாம், கத்தரி வேண்டாம். வெறும் அட்டைதான். உக்காருங்கக்கா. அம்மிணி, நீயும் உக்காரு."

சாமி சொன்னால் மறுபேச்சு இல்லையே. தெய்வாத்தாள் உட்கார்ந்தார்.

சாமி மடித்துக் காட்டினார். அட்டையின் மேல்பாதியில் பெருக்கல் குறி மாதிரி இரண்டு மடிப்பு. பக்கங்களை உள்ளே தள்ளினால் தலை முக்கோணமாக வந்து உட்காரும். அதன் இரண்டு முனையும் முன்னங்கால். இரண்டு விளிம்பையும் நடுவுக்குக் கொண்டுவந்தால் உடம்பு. கடைசியில் அடிப்பக்கத்தை மேலே ஒரு மடிப்பு, அதில் பாதியைத் திரும்பக் கீழே ஒரு மடிப்பு. அதுதான் பின்னங்கால். தவளையைத் துள்ள வைக்கிற வில்லும் அதுதான்.

"பின்னாடி விளிம்புல விரலை வெச்சு அழுத்தோணும். அவ்வளவுதான்" என்றார் சாமி.

தெய்வாத்தாள் மடித்த தவளை சிவப்பு. நன்றாகவே வந்திருந்தது. தன்னையும் அறியாமல் அதைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அட, மூக்கு முழியெல்லாம் லட்சணமாத்தான் இருக்குது."

"உன்னாட்டமே இருக்குதும்மா" என்றாள் மகள்.

"போடி."

பொன்னுசாமி மைக்கை வாயருகே கொண்டுபோனார். "அடுத்த போட்டி! தாய்க்கும் மகளுக்கும்! சிவப்பு அம்மாவுது, நீலம் மகளுது. ரெடியா? ஒண்ணு, ரெண்டு..."

நீலம் எம்பியது. எம்பி எம்பி எல்லைக்கோட்டை நோக்கிப் போனது. சிவப்பு இருந்த இடத்திலேயே இருந்தது.

தெய்வாத்தாள் விரலை வைத்து அழுத்தினார். நகரவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு இன்னும் அழுத்தினார். தோட்டத்தில் களை பிடுங்கிய கை அது, சும்மாவா? அட்டை தரையோடு தரையாகப் படிந்துவிட்டது.

"சிவப்புத் தவளை சாமி கும்பிடுதா, தூங்குதா?" என்றார் பொன்னுசாமி.

"விரலை எடுங்கத்தே! விரலை எடுங்க!" பிள்ளைகள் குதித்தன.

"விரலை எடும்மா!" மகளும் கத்தினாள். "பிடிச்சுட்டே இருந்தா எப்படித் தாண்டும்?"

தெய்வாத்தாளின் முகம் சட்டென்று மாறியது. மகளைப் பார்த்தார். சாமியைப் பார்த்தார்.

"ஓஹோ. எனக்கு ஜாடையாச் சொல்றீங்களாக்கும்?"

"நான் தவளையைப் பத்தித்தான் சொல்றனுங்க" என்றார் சாமி. தவளையை எடுத்துப் பார்த்துச் சிரித்தார். "முதுகு நசுங்கிப் போச்சு. வேற அட்டை எடுத்துக்கங்க."

தெய்வாத்தாள் இன்னொன்று மடித்தார். இந்தத் தடவை படபடவென்று மடித்தார். கோட்டில் வைத்தார். கைகள் இரண்டையும் கட்டிக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார்.

"அடுத்த சுற்று! ஒண்ணு, ரெண்டு, மூணு!"

நீலம் பாய்ந்தது. தெய்வாத்தாள் அசையவில்லை.

"அத்தே! அழுத்துங்க!"

"நான் தொட மாட்டேன். போறதுன்னா அதும்பாட்டுக்குப் போகட்டும். எங்கியோ போகட்டும், என்னமோ ஆகட்டும். பெத்தவ எதுக்கு நடுவுல? நான் கை வெக்கவே இல்லை."

சிரித்துக்கொண்டிருந்த சிந்துஜா நிறுத்திவிட்டாள். தலையைக் குனிந்துகொண்டாள். நீலத் தவளையை மேற்கொண்டு அழுத்தவில்லை.

சிவப்பு கோட்டிலேயே உட்கார்ந்திருந்தது. மேலே ஃபேன் சுற்றியது. அந்தக் காற்றில்கூட அது நகரவில்லை.

"போகலையேக்கா" என்றார் சாமி.

"அப்ப என்னதான் பண்ணச் சொல்றீங்க?" தெய்வாத்தாள் கட்டியிருந்த கைகளை உதறினார். "வெச்சாலும் குத்தம், வெக்காட்டியும் குத்தம். இந்தச் சனியனை எப்படித்தான் தாண்ட வெக்கறது?"

சாமி கையை நீட்டினார். சிவப்புத் தவளையைக் கோட்டில் நேராக்கி வைத்தார். அவ்வளவுதான்.

கூடமே அந்தத் தவளையைப் பார்த்தது. பொன்னுசாமிகூட மைக்கைக் கீழே இறக்கிவிட்டார்.

தெய்வாத்தாள் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். குனிந்தார். ஆள்காட்டி விரலைத் தவளையின் பின்விளிம்பில் வைத்தார். மெல்ல அழுத்தினார். மடிப்பு விரலுக்கடியில் விறைத்துத் திமிறுவது அவருக்குத் தெரிந்தது. அப்படியே பின்பக்கமாக விரலை வழுக்கி எடுத்தார்.

டக்!

தவளை எகிறியது. காற்றில் ஒரு குட்டிக்கரணம் போட்டது. எல்லைக்கோட்டைத் தாண்டி, இரண்டு பிள்ளைகளின் தலையைத் தாண்டி, நேராகப் போய்ப் பொன்னுசாமியின் டீ டம்ளருக்குள் விழுந்தது.

"ஐயய்யோ! என் டீ!" என்று அவர் அலறியது மைக்கில் ஊர் முழுக்கக் கேட்டது.

அவ்வளவுதான், கூடம் இரண்டுபட்டது. பிள்ளைகள் உருண்டு புரண்டு சிரித்தன. தெய்வாத்தாள் எழுந்து நின்று கையைத் தட்டினார். "பாத்தியா கண்ணு! பாத்தியா! நான் விட்டது! என்னுது!" என்று சின்னப்பிள்ளை மாதிரிக் குதித்தார். மகள் ஓடி வந்து கட்டிக்கொண்டாள். சாமி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"இன்னொரு தடவை! இன்னொண்ணு மடிக்கறேன் இருங்க" என்று தெய்வாத்தாள் அட்டைக்குக் கை நீட்டினார்.

வாசலில் ஆட்டோக்காரர் ஹாரன் அடித்தார்.

நீட்டிய கை அப்படியே நின்றது.

"அம்மா" என்றாள் சிந்துஜா. "நேரமாச்சு. நீ இன்னும் ஒண்ணும் சொல்லலை."

தெய்வாத்தாள் சாமி பக்கம் திரும்பினார். "நீங்களும் ஒண்ணும் சொல்லலீங்களே சாமி."

சாமி சிதறிக் கிடந்த அட்டைகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக்கொண்டிருந்தார்.

மகள் தோள்பையைச் சுவரோரம் தள்ளி வைத்தாள். சாமி காலில் விழுந்து எழுந்தாள். தாயின் காலருகே வந்து மண்டியிட்டுக் குனிந்தாள்.

"போன்னு சொன்னாலும் சரி, இருன்னு சொன்னாலும் சரிம்மா. கும்பிட்டுக்கறேன்."

தெய்வாத்தாள் குனிந்து மகளின் தலைமேல் கையை வைத்தார். காலையில் அவரே எண்ணெய் வைத்து வாரிப் பின்னிவிட்ட தலை. உதடு முணுமுணுத்தது. மாகாளியம்மனையும் முருகனையும் கூப்பிட்டார், தவறிப்போன மனுசனையும் கூப்பிட்டார். பிள்ளைக்குத் துணை இரு, கண்ணைக் காப்பாத்து, காலைக் காப்பாத்து, நல்ல மனுசங்களைக் காட்டு என்று வாய்க்கு வந்ததையெல்லாம் வேண்டினார்.

வேண்டி முடித்தும் கை தலைமேலேயே இருந்தது.

ஹாரன் மறுபடி அடித்தது. மகள் குனிந்த தலையை நிமிர்த்தவில்லை.

"சாமி" என்றார் தெய்வாத்தாள், திரும்பிப் பார்க்காமலே. "இப்பவாச்சும் ஒரு வார்த்தை சொல்லுங்க."

சாமி அட்டைகளைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்தார்.

"கை வெச்சாச்சுங்களா அக்கா?"

"வெச்சுட்டனுங்க."

"நல்லா அழுத்தி வெச்சீங்களா?"

"வெச்சனுங்க சாமி. எனக்குத் தெரிஞ்சதெல்லாம் சொல்லித்தான் வெச்சேன்."

"அப்ப எடுங்க."

மரகதவல்லி அக்கா இதோடு நிறுத்திக்கொண்டார். நானும் மேலே கேட்கவில்லை.

இவ்வளவு நேரம் கேட்டீர்கள், சந்தோஷம். வீட்டில் கொஞ்சம் கெட்டியான அட்டை எதுவும் கிடந்தால் எடுத்து ஒரு தவளை மடித்துப் பாருங்கள். தாண்டினால் எனக்கு ஒரு வார்த்தை சொல்லுங்கள்.