கோழிக்கு ஒரு தலையணை

முன்னொரு காலத்தில், அரசருக்கு எளிதில் பொழுது போகாத ஒரு நாட்டில், ஒரு காலை சபை கூடியது. வந்திருந்தவர்கள்: அரசர், பசியோடு. கருவூல அதிகாரி மழவராயர், சிவந்த கண்களோடு. அவர் எதைச் சொன்னாலும் தலையாட்டும் நான்கு அதிகாரிகள். மடைப்பள்ளித் தலைவர், கையில் காலிக் கூடையோடு. கடைசி வரிசையில் விகடகவி தத்தன்.

கூடையைப் பார்த்ததுமே தத்தனுக்கு வழக்கு என்னவென்று தெரிந்துவிட்டது.

அவன் வீட்டில் பத்துப் பதினைந்து கோழிகளும் ஒரு சேவலும் ஒரு வெள்ளாடும் இருந்தன. ஆசைக்கு வளர்க்கவில்லை. அரசர் சிரித்தால் முத்துமாலை தருவார். சிரிக்காவிட்டால் ஒன்றும் தரமாட்டார். முத்துமாலையைக் குழம்பு வைக்க முடியாது. அரசர் கொடுத்ததை விற்றால் தலை போகும். முட்டையும் பாலும் விற்றுத்தான் அந்த வீட்டில் உலை கொதித்தது.

மழவராயர் எழுந்தார். "மன்னா, தத்தனார் என் பக்கத்து வீட்டுக்காரர். உடன்பிறவாச் சகோதரர். அவர் வீட்டுச் சேவல் கூவுகிறது."

"சேவல் வேறு என்ன செய்யும்?"

"விடிவதற்கு முன்பே கூவுகிறது, மன்னா. கண்மூட முடியவில்லை. நாற்றம் வேறு. சுவரில் காயப்போட்ட என் பட்டு உத்தரீயத்தை ஆடு தின்றுவிட்டது."

நான்கு தலைகளும் ஆடின.

உத்தரீயம் போனது உண்மை. ஆனால் வழக்கின் வேர் அதுவல்ல. சில நாட்களுக்கு முன் மழவராயர் கருவூலக் கணக்கை வாசித்தபோது அரசர் கொட்டாவி விட்டார். அடுத்துத் தத்தன் வாயைத் திறந்ததும் சிரித்தார். அன்றிலிருந்துதான் சேவல் மழவராயர் காதில் கூவ ஆரம்பித்தது.

அரசருக்குத் தீர்ப்புச் சொல்லப் பிடிக்கும். வழக்கைக் கேட்கத்தான் பிடிக்காது. "எழுதுங்கள்! நாளை முதல் அந்தத் தெருவில் மனிதரும் ஆடு கோழியும் ஒரே வீட்டில் இருக்கக் கூடாது. ஆணையை மீறியது எதுவானாலும் மடைப்பள்ளிக்குப் போகட்டும்."

மழவராயருக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. வென்றவருக்கு வரும் தாராளம் அவருக்கும் வந்தது. "இதனால் தத்தனாருக்கு என்ன குறை நேர்ந்தாலும், என் வீடு அவர் வீடு, மன்னா!"

"நன்று. அதையும் எழுதுங்கள்" என்று சொல்லிவிட்டு அரசர் சாப்பிடப் போனார்.

வீட்டில் தத்தனின் மனைவி செம்பாயி வாசலிலேயே நின்றாள். "நெசமாவே எல்லாத்தையும் பிடிச்சுக் குடுக்கப் போறீங்களா? ஒரு கோழி அடையில வேற இருக்குதுங்க."

"யாரு குடுக்கப் போறா? மனுசனும் கோழியும் ஒரே வீட்ல இருக்கக் கூடாது, அவ்வளவுதான? நாம போயிருவோம்."

"எங்க?"

தத்தன் பக்கத்து வீட்டைக் காட்டினான். பிறகு கூடத்தைப் பெருக்கி, ஒரு பாயை விரித்து, தலையணையைத் தட்டிப் போட்டான்.

"கோழிக்கு எதுக்குங்க தலகாணி?"

"இருக்கட்டும்."

மறுநாள் காலை பாய், பானை, மாமனார் கொம்பையா என்ற சுமைகளோடு இருவரும் மழவராயர் வாசலில் நின்றார்கள். "ஐயா, என் வீடு உங்க வீடுன்னீங்க. வந்துட்டோம்" என்றான் தத்தன். ஆணை ஆணைதான். மழவராயர் வழிவிட்டார்.

கொம்பையா கோட்டைக் காவலராக இருந்து ஓய்ந்தவர். காவல் காக்க ஏதாவது இருந்தால் போதும், சத்தமில்லாமல் கிடப்பார். இத்தனை நாள் கோழிகளைக் காத்தார். இங்கே கோழி இல்லை, பெரிய வீடு இருந்தது. ஆகவே ஜாமத்துக்கு ஒருமுறை எழுந்து எல்லாக் கதவுகளையும் ஆட்டிப் பார்த்துவிட்டு, "யார்றா அது!" என்று கோட்டைக்கே கேட்கும்படி கத்தினார். தண்ணீர் குடிக்க எழுந்த மழவராயரை நிறுத்திப் பேரும் ஊரும் விசாரித்தார். யார் உள்ளே வந்தாலும் பின்னாலேயே பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார்.

"இதுல்ல கதவு" என்றார் மருமகனிடம். "ஒன் வீட்டுக் கதவு காத்தடிச்சாலே தெறந்துக்கிடும்."

மழவராயரின் மனைவி கணவரிடம் ஒன்றுதான் கேட்டாள். "என் வீடு அவர் வீடுன்னு உங்கள யாரு சொல்லச் சொன்னா?"

சில நாட்கள் கழித்து ஒரு நண்பகலில் அந்த நான்கு அதிகாரிகளும் அரசரிடம் ஓடிவந்தார்கள். "மன்னா, தத்தன் வீட்டுக்குள் மனிதக் குறட்டை கேட்கிறது. ஆணையை மீறிவிட்டான்!"

தத்தன் அரசருக்குப் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தான். "போய்ப் பார்த்துவிடுவோம், அரசே" என்றான்.

அரசர் முன்னே போனார். மடைப்பள்ளித் தலைவர் கூடையோடு பின்னே போனார். விரல் பட்டதும் கதவு திறந்துகொண்டது.

கூடத்தில், விரித்த பாயில், தட்டிப்போட்ட தலையணையில் மழவராயர் தூங்கிக்கொண்டிருந்தார். வயிற்றின் மேல் ஒரு கோழி உட்கார்ந்திருந்தது. ஆடு அவருடைய புது உத்தரீயத்தை மென்றுகொண்டிருந்தது. சேவல் அவர் காதருகே நின்று முழுத் தொண்டையில் கூவியது. மழவராயர் புரண்டு படுத்தார். கோழி இடம் மாறி உட்கார்ந்தது.

"ஆணைப்படி, மீறியது மடைப்பள்ளிக்கு வரவேண்டும், மன்னா" என்று கூடையை நீட்டினார் மடைப்பள்ளித் தலைவர்.

"வரட்டும்" என்றான் தத்தன். "ஆடும் கோழியும் இருந்த இடத்திலேயே இருக்கின்றன, அரசே. வெளியிலிருந்து நுழைந்தது எது என்று பார்த்து எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள்."

மடைப்பள்ளித் தலைவர் தொழிலில் நேர்மையானவர். மழவராயரைத் தலை முதல் கால் வரை பார்த்தார். கூடையைப் பார்த்தார்.

"முற்றல், மன்னா. வேக நேரமாகும்."

அரசர் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அந்தச் சத்தத்தில்தான் மழவராயர் விழித்தார்.

"சேவலால் தூக்கம் போகிறது என்றீரே, மழவராயரே?"

"மன்னா, இந்த ஊரிலேயே இங்கேதான் தூக்கம் வருகிறது." மழவராயர் கைகூப்பினார். "அவர்களைத் திரும்பி வரச் சொல்லுங்கள். கோழி வளர்க்கட்டும், ஆடு வளர்க்கட்டும், யானை வேண்டுமானாலும் வளர்க்கட்டும்."

ஆணை அங்கேயே ரத்தானது. அரசர் வழக்கம்போலக் கழுத்திலிருந்த முத்துமாலையைக் கழற்றினார்.

"அரசே, ஒரு வண்டி கம்பாகக் கிடைக்குமா? மாலையைக் கோழியும் தின்னாது, நானும் தின்ன மாட்டேன்."

அரசர் மறுபடி சிரித்து, மாலையைத் தானே போட்டுக்கொண்டு, கம்புக்கு உத்தரவிட்டார்.

மாலையில் பாயும் பானையும் வீடு திரும்பின. செம்பாயி வாசலில் நின்று பார்த்தாள். "அப்பா எங்கங்க?"

"அவருக்கு அந்தக் கதவு பிடிச்சுப்போச்சு" என்றான் தத்தன்.

பக்கத்து வீட்டில், முதல்முறையாக நிம்மதியோடு, மழவராயர் தம் கதவைத் தட்டினார்.

"யார்றா அது!" என்றது உள்ளிருந்து ஒரு குரல்.

மழவராயர் திரும்பித் தத்தன் வீட்டைப் பார்த்தார். பிறகு பேரைச் சொன்னார். ஊரையும் சொன்னார். கதவு திறந்தது. அவர் உள்ளே போனதும் பின்னாலேயே சாத்திக்கொண்டது. பூட்டும் விழுந்தது.