எண்பத்துமூன்று எழுத்து வித்தியாசம்

காதுகுத்துக்கு இன்னும் பதினோரு நாள்தான். பத்திரிகை அடித்தாகிவிட்டது. தாய்மாமன் பெயர் மட்டும் அதில் இல்லை. காசநோய்ப் பிரிவில் வேலை பார்க்கும் ரெஜினாவுக்கு அதுதான் தலைவலி.

ஐந்து வயது மதிவதனிக்குக் காசநோய். குழந்தைகளுக்கு அது பெரும்பாலும் கூடப் புழங்கும் பெரியவர்களிடமிருந்துதான் தொற்றும். அந்தப் பெரியவர் யார் என்று கண்டுபிடிக்க அப்பன் சுருளிராஜுக்கு அரை நிமிடம்கூட ஆகவில்லை. மைத்துனன் வீரணன் இரண்டு வருடத்துக்கு முன் இதே நோயில் கிடந்து குணமானவன். போதாதா? "அவன் மடியில என் பிள்ளையை உட்கார வச்சுக் காது குத்துறதா? என் வாசப்படியை மிதிக்கக் கூடாது!" என்று சொல்லிவிட்டான். மாமன் உயிரோடு இருக்க, அவன் மடி இல்லாமல் காதுகுத்து என்றால் ஊர் சும்மா இருக்குமா? வீரணன் கூனிக் குறுகிப் போனான்.

ரெஜினா சென்னை ஆய்வகத்துக்கு மாதிரிகளை அனுப்பியிருந்தாள். அங்கே கிருமியின் மரபணுவை எழுத்து எழுத்தாகப் படித்து ஒப்பிடுவார்கள். ஒருவரிடமிருந்து மற்றவருக்கு அண்மையில் தொற்றியிருந்தால் எழுத்துகள் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும். இரண்டு தாள்கள் வந்தன. முதல் தாளில் குழந்தையின் கிருமிக்கும் வீரணனிடம் அப்போது எடுத்துப் பாதுகாத்து வைத்திருந்த கிருமிக்கும் எண்பத்துமூன்று எழுத்து வித்தியாசம். ஆக, அவன் இல்லை. இரண்டாவது தாளில் ஒரே ஒரு எழுத்துதான் வித்தியாசம். அது சுருளிராஜின் தங்கை சுகந்தியுடையது.

வீட்டில் எல்லோரையும் பரிசோதித்தபோதுதான் சுகந்தியின் நோய் தெரிந்தது. சத்து மாத்திரை என்று வீட்டில் சொல்லிவிட்டு மருந்து சாப்பிடுகிறாள். இரண்டு மாதத்தில் சளியில் கிருமி இல்லாமல் போய்விட்டது. "நிச்சயம் பண்ணியிருக்காங்கக்கா. தெரிஞ்சா எல்லாம் போச்சு" என்று அவள் அழுதபோது, யாரிடமும் சொல்வதில்லை என்று ரெஜினா வாக்குக் கொடுத்திருந்தாள்.

முதலில் வீரணனிடம் போய்ச் சொன்னாள். அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். "யாருன்னு எனக்கு வேணாம் மேடம். என் தாளை எங்கக்கா வீட்டுல காட்டி, என்னால இல்லைன்னு சொல்லிருங்க. அது போதும்."

சொன்னாள். சுருளிராஜ் விடவில்லை.

"அப்போ யாரு? பேரைச் சொல்லுங்க. சொல்லலைன்னா அவனைக் காப்பாத்தக் கதை விடுறீங்கன்னுதான் அர்த்தம்."

அடுப்படிக் கதவருகே நின்ற சுகந்தியின் முகத்தில் ஈயாடவில்லை.

பெயரைச் சொன்னால் வாக்குப் போகும், கல்யாணமும் போகலாம். தெரியாது என்றால் பொய். பேசாமல் எழுந்து வந்தால் பழி வீரணன் தலையிலேயே கிடக்கும். ரெஜினா இருந்த இடத்தில் நீங்கள் இருந்தால் எதைச் செய்வது சரி?

விடை: ரெஜினா முதல் தாளை மட்டும் எடுத்து நீட்டினாள். "இது வீரணனோடது. காட்டச் சொல்லி அவரே சொன்னார். யாருன்னு எனக்குத் தெரியும், ஆனா சொல்ல மாட்டேன். உங்க பிள்ளைக்கு வந்ததைத் தெருவுல யார்கிட்டயாவது சொன்னேனா? அது மாதிரிதான். அந்த ஆளுக்கும் மருந்து கொடுத்தாச்சு, இனி ஒட்டாது." சுருளிராஜ் தாளில் இருந்த எண்பத்துமூன்றை விரலால் தொட்டுப் பார்த்தான். பிறகு மனைவியிடம், "உன் தம்பிக்கு போன் போடு" என்றான். காதுகுத்தன்று மதிவதனி மாமன் மடியில் உட்கார்ந்து அழுது ஊரைக் கூட்டினாள். மாமனும் வெட்கமில்லாமல் கூடவே அழுதான்.