திருமுகம் கேட்ட அக்கா

முன்னொரு காலத்தில், எழுத்தாணியும் பனையோலையும் புழங்கிய காலத்தில், ஓர் அரசர் இருந்தார். பெயர் சொல்லமாட்டேன். நல்ல மனிதர்தான், இந்த ஒரு விஷயத்தில் சறுக்கிவிட்டார். அதற்காக அவர் பெயரைச் சந்திக்கு இழுக்க எனக்கு மனம் வரவில்லை.

அவருக்கு ஒரு நாள் ஓர் ஆசை வந்தது. எழுதி அனுப்புகிற ஒவ்வொன்றுக்கும் சரியான பெயர் இருக்க வேண்டுமாம். மற்றவர்கள் அரசருக்கு எழுதினால் விண்ணப்பம். அரசர் எழுதினால் திருமுகம். சமமானவர்கள் எழுதிக்கொண்டால் மடல். ஒரே விஷயத்தை இரண்டாம் முறை எழுதினால் நினைவூட்டோலை. இதைச் சட்டமாகவே போட்டார். எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ள ஓலைநாயகம் என்று ஒரு பதவி, அதில் மழவராயர் என்று ஒருவர். வருகிற ஓலைகளைப் படித்து, ஒவ்வொன்றையும் ஒரு வரியாகச் சுருக்கி அரசர் காதில் போடுவது அவர் வேலை. அரசர் எந்த ஓலையையும் கையால் தொடுவது கிடையாது.

அந்தச் சபையில் அம்பலவன் என்றொரு விகடகவி இருந்தான். அவன் வாயைத் திறந்தால் அரசர் சிரிப்பார். அரசர் சிரித்தால் மழவராயருக்கு வயிறு எரியும்.

அரசருக்கு ஓர் அக்கா உண்டு. பெரியநாயகி என்று பெயர். தாயில்லாத தம்பியை இடுப்பில் தூக்கி வளர்த்தவள். மூன்று நாள் வழி தள்ளி, ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஒரு சிற்றரசருக்கு வாழ்க்கைப்பட்டு, கணவர் போனபின் தனியாக இருந்தாள். தம்பி அவளைப் போய்ப் பார்த்து ஒன்பது வருஷம் ஆகியிருந்தது. வருகிற மாதம் போகலாம் என்று அவரும் ஒன்பது வருஷமாகச் சொல்லிக்கொண்டுதான் இருந்தார்.

ஒரு தை மாதம் அவளிடமிருந்து ஓலை வந்தது.

“பெரியநாயகி அம்மையாரின் விண்ணப்பம், அரசே. தங்கள் திருமுகம் காண விரும்புகிறார்” என்றார் மழவராயர்.

“அனுப்பி வையுங்கள்” என்றார் அரசர்.

அழகான திருமுகம் ஒன்று போனது. அரசரின் பட்டப் பெயர்களில் தொடங்கி, அவர் வென்ற நாடுகளை வரிசையாகச் சொல்லி, கடைசியில் ‘நலமா’ என்று கேட்டு முடிந்தது.

சித்திரையில் மறுபடியும் ஓலை வந்தது. “நினைவூட்டோலை, அரசே. மீண்டும் திருமுகம் கேட்கிறார்.”

சபையில் எல்லாரும் புன்னகைத்தார்கள். அம்பலவனுக்கு வாய் சும்மா இருக்குமா? “அம்மையார் திருமுகம் சேர்க்கத் தொடங்கிவிட்டார் போலிருக்கிறது, அரசே. போட்டு வைக்க ஒரு பெட்டியும் செய்து அனுப்பிவிடலாமே” என்றான்.

அரசர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். சந்தன மரத்தில் தந்தப் பூ இழைத்து, உண்மையாகவே ஒரு பெட்டி செய்யச் சொல்லி, இரண்டாவது திருமுகத்தை அதில் வைத்து அனுப்பினார். சிரிக்க வைத்ததற்காக அம்பலவனுக்கு ஒரு பட்டு கிடைத்தது. அதை அவன் வாங்கியிருக்கக் கூடாது. எனக்கு இன்றைக்கும் அவன்மேல் அந்தக் கோபம் உண்டு.

ஆவணியில் மூன்றாவது ஓலை வந்தது. “தாம் கேட்டதற்குத் திருமுகம் பதில் சொல்லவில்லை என்று அம்மையார் குறைப்படுகிறார், அரசே” என்ற மழவராயர், ஓரக்கண்ணால் அம்பலவனைப் பார்த்தார். “பதில் சொல்லும் திருமுகத்துக்கு நம் விகடகவியை விட்டால் யார் இருக்கிறார்கள்? கேட்ட கேள்விக்கு வாய் திறந்து விடை சொல்லும் திருமுகம் ஒன்றை அவரே கொண்டுபோய்ச் சேர்க்கட்டும். முடியாவிட்டால் இந்தச் சபையை விட்டுப் போகட்டும்.”

அரசருக்கு அந்த வேடிக்கை பிடித்துவிட்டது. “ஐந்து நாள் தருகிறேன், அம்பலவா” என்றார்.

அம்பலவன் ஓலைச்சாலைக்குப் போய் அம்மையாரின் மூன்று ஓலைகளையும் வாங்கிப் படித்தான். முதல் ஓலையில் இப்படி இருந்தது: ‘தம்பி, எனக்குக் கண் மங்கிக்கொண்டே வருகிறது. ஆடி தாண்டாது என்கிறார் வைத்தியர். முழுக்கப் போகுமுன் உன் திருமுகத்தை ஒரு தரம் காண வேண்டும்.’ இரண்டாவதில் எழுத்துகள் இரு மடங்கு பெரிதாகி, வரிகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறியிருந்தன. ‘திருமுகம் காணவில்லையே, இன்னும் கொஞ்சம் கண் தெரிகிறது’ என்று இருந்தது. மூன்றாவது, வேறு யாரோ எழுதிக் கொடுத்தது.

அவள் கேட்டது முகத்தை. சபைக்குத் திருமுகம் என்றால் ஓலை மட்டும்தான். அம்பலவனுக்குப் பெட்டி நினைவு வந்தது. அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டான். ஆவணி பிறந்து பத்து நாள் ஆகியிருந்தது. வைத்தியர் கணக்கு ஒரு மாதம் முன்னே பின்னே ஆகலாம் என்று மனத்தைத் தேற்றிக்கொண்டு எழுந்தான்.

‘அரசரின் திருமுகத்தை அம்பலவன் ஏற்றிச் செல்லலாம், அரசரே ஆனாலும் தடுக்கக் கூடாது’ என்று ஓர் ஆணையை எழுதி நீட்டினான். அரசர் வழக்கம்போல் படிக்காமலே முத்திரை வைத்தார்.

மறுநாள் காலையில் அரண்மனை வாசலில் பல்லக்கு நின்றது. “ஏறுங்கள், அரசே” என்றான் அம்பலவன்.

“நான் எதற்கு?”

“திருமுகத்தை ஏற்ற வேண்டும். அது கழுத்தோடு ஒட்டியிருக்கிறது. தனியாக எடுக்க எனக்கு வழி தெரியவில்லை.”

“அரசே, சட்டப்படி திருமுகம் என்றால் ஓலை” என்று குறுக்கிட்டார் மழவராயர்.

“எந்த ஓலை வாய் திறந்து பேசும், ஐயா? தாங்கள் கேட்டது பேசுகிற திருமுகம் அல்லவா?” என்றான் அம்பலவன், முத்திரை வைத்த ஆணையை நீட்டியபடி.

அரசர் விழுந்து விழுந்து சிரித்தார். “வசமாக மாட்டிக்கொண்டேன். நீரும் சாட்சிக்கு வாரும், மழவராயரே” என்று பல்லக்கில் ஏறினார்.

கதை இங்கே முடிந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்.

மூன்றாம் நாள் ஆறு கடக்கும்போது அம்பலவன் அந்த மூன்று ஓலைகளையும் அரசர் கையில் கொடுத்தான். அரசர் படித்தார். பிறகு வழி நெடுக அவர் சிரிக்கவில்லை. “சீக்கிரம், சீக்கிரம்” என்று மட்டும் பல்லக்குத் தூக்குகிறவர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

பெரியநாயகி முற்றத்தில் உட்கார்ந்திருந்தாள். காலடிச் சத்தம் கேட்ட பக்கம் முகத்தைத் திருப்பினாள். கண் வேறு எங்கோ பார்த்தது.

“யாரு, அரண்மனை ஆளா? ஓலைன்னா அந்தப் பெட்டியில போட்டுட்டுப் போப்பா” என்றாள்.

அரசர் அவள் எதிரே மண்டியிட்டு, அவள் கையை எடுத்துத் தன் முகத்தில் வைத்துக்கொண்டார். விரல்கள் மீசையைத் தொட்டன, நெற்றிக்கு ஏறின, சின்ன வயதில் ஊஞ்சலிலிருந்து விழுந்த தழும்பில் வந்து நின்றன.

“வந்துட்டியா” என்றாள். நெற்றிச் சுருக்கங்களை ஒவ்வொன்றாகத் தடவினாள். “இந்த வரியெல்லாம் முன்ன கிடையாதே. உன் முகத்துல நிறைய எழுதிட்டாங்கடா.” தழும்புக்கு மறுபடி விரலைக் கொண்டுவந்து, “ஏன்டா இத்தனை நாளா வரல?” என்று கேட்டாள்.

அரசர் வாயைத் திறந்தார். ஒரு வார்த்தை வரவில்லை. அவள் மடியில் முகத்தைப் புதைத்து அழுதார்.

“தோற்றுவிட்டேன், ஐயா. திருமுகம் விடை சொல்லவில்லை” என்றான் அம்பலவன் மெல்ல.

மழவராயர் தலை நிமிரவில்லை. “கண்ணைப் பற்றிய வரியை நான் படித்தேன், அம்பலவா. நலம் விசாரிப்பு என்று நினைத்துச் சுருக்கத்தில் விட்டுவிட்டேன்” என்றார்.

“எப்போ போச்சு, அக்கா?” என்று கேட்டார் அரசர்.

“ஆடி அமாவாசைக்கு முந்தி. அதுவரைக்கும் கொஞ்சம் கொஞ்சம் தெரிஞ்சுது. கடைசியா நான் நல்லாப் பார்த்தது அந்தப் பெட்டியைத்தான். என்ன வேலைப்பாடு. யார் யோசனை அது?”

எந்தக் கேள்விக்கும் வேடிக்கையாக விடை சொல்கிற அம்பலவன் ஓரடி முன்னால் வந்தான். “என்னோடதுதான், அம்மா” என்றான்.

“ரொம்ப நல்ல பெட்டிப்பா” என்றாள் அவள். மனதாரத்தான் சொன்னாள். அதுதான் அவனுக்குத் தாங்கவில்லை.

அரசர் அக்காவைத் தன்னோடு அழைத்துவந்தார், பெட்டியும் கூடவே வந்தது. பெயர்ச் சட்டம் ஒழிந்தது. ஓலைகளை அவரே படிக்கத் தொடங்கினார். சபை கூடிய அன்று, “என்ன பரிசு வேண்டும், கேள்” என்று அம்பலவனிடம் சொன்னார்.

“அந்தப் பெட்டி வேண்டும், அரசே.”

“நீயும் திருமுகம் சேர்க்கப் போகிறாயா?” என்று அரசர் சிரித்தார். பழக்கம் விடவில்லை. பாதிச் சிரிப்பில் எதிரே உட்கார்ந்திருந்த அக்காவைப் பார்த்துவிட்டு, பெட்டியைக் கொண்டுவரச் சொன்னார்.

அம்பலவன் அதை வீட்டுக்குக் கொண்டுபோய், சித்திரையில் வாங்கிய பட்டை மடித்து அதற்குள் வைத்து மூடினான். அந்தப் பட்டை அவன் உடுத்தி யாரும் பார்த்ததில்லை.