கைநாட்டு சபை

மஞ்சணத்தி நாட்டு ராஜா மகுடேசுவரருக்கு எல்லாம் வாய்த்திருந்தது, சும்மா இருக்க மட்டும் தெரியாது. எந்தக் காலத்து ராஜா, அவர் கையில் எப்படிக் கைபேசி என்றெல்லாம் கேட்டால் கதை நகராது. இருந்தது, அவ்வளவுதான். அதில் 'சுவர்' என்று ஒன்று. யார் வேண்டுமானாலும் அதில் எழுதலாம், படம் போடலாம். பிடித்தவர்கள் ஒரு கட்டைவிரல் வைப்பார்கள். ராஜா பல் விளக்குகிற படம் போட்டாலும் கட்டைவிரல் வந்து குவியும். வைக்காமல் இருக்க யாருக்குத் தைரியம்?

அந்தச் சுகம் தலைக்கேறியதும் அரண்மனைப் பள்ளிக்கூடத்துக்கு ஓர் ஆணை போட்டார். பிள்ளைகள் இனிமேல் விடையைச் சுவரில் எழுத வேண்டும். எந்த விடைக்குக் கட்டைவிரல் அதிகமோ, அதுவே சரியான விடை. யோசனை மந்திரி கஜபதியுடையது.

இது எங்கே போய் முடியுமோ என்று கணக்கு டீச்சர் அஞ்சுகம் அப்போதே பயந்தார்.

பயந்தபடியே ஆயிற்று. "ஏழெட்டு எவ்வளவு?" என்று கேட்டிருந்தார். மந்திரி மகன் புவனேந்திரன் தோளில் ஒரு கிளியை உட்கார வைத்துப் படம் எடுத்து, கீழே 'ஐம்பத்து நாலு' என்று எழுதினான். கட்டைவிரல் இரண்டாயிரத்தைத் தாண்டியது. குதிரை லாயத்துப் பேச்சியம்மாள் 'ஐம்பத்தாறு' என்று எழுதினாள். மூன்றே கட்டைவிரல், அதில் ஒன்று அவள் அப்பாவுடையது. அஞ்சுகம் பேச்சியம்மாளுக்கு முழு மதிப்பெண்ணும் மந்திரி மகனுக்கு முட்டையும் போட்டார்.

மந்திரி வானத்துக்கும் பூமிக்குமாகக் குதித்தார். ராஜாவின் ஆணையையே மீறிவிட்டாள், வேலையை விட்டுத் துரத்துங்கள் என்றார். மறுநாள் சபையில் விசாரணை.

அஞ்சுகத்துக்கு இந்த வேலையை விட்டால் வேறு போக்கிடம் இல்லை. அது ஒரு பக்கம். தான் போன பிறகு பேச்சியம்மாளும் ஐம்பத்து நாலு என்று எழுதப் பழகிவிடுவாளே என்று நினைத்தபோதுதான் அழுகை வந்தது. நேரே சபை விகடன் கூத்தனிடம் போனார். அவன் ஆமவடையும் கையுமாக உட்கார்ந்திருந்தான்.

"கூத்தரே, தப்பைச் சரின்னு போடச் சொல்றாங்க. எனக்குக் கை வரமாட்டேங்குது."

"உங்க கை நல்லாத்தான் இருக்கு டீச்சரம்மா. கோளாறு மத்தவங்க விரல்ல. நாளைக்குத் தைரியமா வாங்க. அழாதீங்க. யாராவது பாத்தா அதையும் படம் எடுத்துச் சுவர்ல போட்டுடுவாங்க."

மறுநாள் சபை கூடியது. அஞ்சுகம் நடுவில் நின்றார். மந்திரி தொண்டையைக் கனைத்துப் பேச வாயெடுத்தார். அதற்குள் கூத்தன் தலையில் அடித்துக்கொண்டு உள்ளே ஓடிவந்தான்.

"மன்னா, மானம் போச்சு! நம்ம நாட்டுல இன்னும் கைநாட்டுங்க இருக்காங்க!"

ராஜா எழுந்தேவிட்டார். "என் ஆட்சியிலயா? கட்டைவிரல் வைக்கிற ஆள் யாரா இருந்தாலும் பள்ளிக்கூடத்துல உக்காரணும்னு எங்க தாத்தா போட்ட சட்டம் என்ன ஆச்சு? எத்தனை பேரு?"

"ரெண்டாயிரத்துச் சொச்சம்."

"அடப் பாவமே! எல்லாரையும் பிடிச்சு உக்கார வை! ஒருத்தரையும் விடாதே!"

"யாரா இருந்தாலுமா மன்னா?"

"என் மாமனாரா இருந்தாலும்!"

"அவரும் இருக்காரு மன்னா."

முன்வரிசையில் இருந்த மாமனார் திடுக்கிட்டு விழித்துக்கொண்டார். கூத்தன் கைபேசியை உயர்த்திப் பிடித்தான். கிளி தெரிந்தது, கீழே ஐம்பத்து நாலு, அதன் கீழே கட்டைவிரல் வைத்தவர்களின் பெயர்கள்.

மந்திரி பதறினார். "இது கைநாட்டு இல்லை மன்னா! விருப்பம்! மையா தடவினோம்?"

"சட்டத்துல மைன்னு ஒரு வார்த்தை இல்லை. கட்டைவிரல்னுதான் இருக்கு," என்றான் கூத்தன். "போகட்டும். எழுதியிருந்ததைப் படிச்சுப் பாத்தா வெச்சீங்க, மந்திரியாரே?"

"பையன் படம் வந்துது. வெச்சேன்."

"தளபதியாரே, நீங்க?"

"மந்திரி வெச்சிருந்தாரு. நானும் வெச்சேன்."

"மாமனார் ஐயா?"

"எனக்குக் கிளின்னா பிடிக்கும்."

கூத்தன் ராஜா பக்கம் திரும்பினான். "என்ன எழுதியிருக்குன்னு படிக்காம விரல் வெச்சா அதுக்குப் பேரு கைநாட்டுதானே மன்னா?"

ராஜாவின் குரல் இறங்கிவிட்டது. "கூத்தா... அதுல நானும்..."

"உங்க விரல்தான் முதல்ல விழுந்துது. மத்ததெல்லாம் அதைப் பாத்து விழுந்தது."

இத்தோடு தன் வேலை மட்டுமல்ல, கூத்தன் தலையும் போயிற்று என்று அஞ்சுகம் கண்ணை மூடிக்கொண்டார். ராஜா தன் கட்டைவிரலை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். பிறகு கிரீடம் சரிந்து மூக்கில் விழுகிற அளவுக்குச் சிரித்தார்.

"இந்த அம்மாவை அனுப்பிட்டா நமக்கெல்லாம் யாருய்யா பாடம் சொல்றது? அந்த ஆணை ரத்து! டீச்சர் போட்ட மார்க்தான் மார்க்! கூத்தா, உனக்கு என்ன பரிசு வேணும்?"

"எது குடுத்தாலும் சரி மன்னா. கட்டைவிரல் மட்டும் வேண்டாம்."

ராஜா கழுத்து முத்துமாலையைக் கழற்றி அவனுக்குப் போட்டார்.

ஆனாலும் தாத்தா போட்ட சட்டம் சட்டம்தானே? மறுநாள் காலை மொத்தச் சபையும் சின்னப் பிள்ளைகளின் பெஞ்சில், முழங்கால் தாடையில் இடிக்க உட்கார்ந்திருந்தது. அஞ்சுகம் சாக்பீஸோடு வந்து கேட்டார்.

"ஏழெட்டு எவ்வளவு?"

ராஜா விரல்விட்டு எண்ணினார், உதட்டைக் கடித்தார், மறுபடி எண்ணினார். பிறகு எழுந்து நின்று, "ஐம்பத்தாறு, டீச்சர்!" என்றார்.

உடனே அவர் பின்னால் மந்திரி, தளபதி, மாமனார், மொத்தச் சபையும் பழக்க தோஷத்தில் கட்டைவிரலைத் தூக்கியது.

அஞ்சுகம் எல்லாரையும் ஒரு பார்வை பார்த்தார்.

"ராஜா மட்டும் வீட்டுக்குப் போகலாம். விரலைத் தூக்கினவங்க நாளைக்கும் வரணும்."