மாமித்து ஏறின கப்பல்

ஒரே ஒரு ஊர்ல, நம்ம கரை இல்லே, செங்கடலுக்கு அந்தாண்ட அபிசீனியாக் கரை, அங்க மாமித்து, மாமித்துன்னு ஒருத்தி இருந்தா. ஏன்டி சிரிக்கிறே, மாமி இல்லே, மாமித்து. அந்த ஊர்ல அப்படித்தான் பேரு வைப்பாங்க. அவ புருஷன் மீன் பிடிக்கப் போனவன், கடலோடயே போயிட்டான். பிள்ளைகுட்டி கிடையாது. துறைமுகத்துக்குப் போற பாதையில ஒரு கல்லு வீடு, வீட்டு முன்னால ரெண்டு அடுப்பு, ஒண்ணுல கஞ்சி, இன்னொண்ணுல ரொட்டி. கப்பல்ல வர்றவன் போறவன் எல்லாம் அவகிட்டதான் சாப்பிடுவான். கையும் தாராளம், வாயும் தாராளம். எவ்வளவு பெரிய ஆளா இருந்தாலும் முகத்துக்கு நேரே பேசிடுவா.

இது நம்ம நபி காலத்துச் சங்கதி. அப்ப மக்காவுல பெரிய பெரிய தலைக்கட்டு வியாபாரிங்க, எங்க சாமியைக் கும்பிடாதவன் எங்க ஊர்ல இருக்கக் கூடாதுன்னு ஏழைபாழைகளைப் போட்டு வதைச்சாங்க. அப்ப நபி சொன்னாங்களாம், கடலைத் தாண்டிப் போங்க, அங்க ஒரு ராஜா இருக்காரு, அவரு நாட்டுல யாருக்கும் அநியாயம் நடக்காதுன்னு. இது நடந்தது, பெரியவங்க சொல்லிக் கேட்டது. மாமித்து கதை மட்டும் நான் சொல்றது. ரெண்டையும் போட்டுக் குழப்பிக்காதீங்க.

அப்புறம் ஒரு நாள் காலையில, படகு நிறைய ஆளுங்க வந்து இறங்கினாங்க. துணியெல்லாம் உப்புப் படிஞ்சு விறைச்சுப்போயி, உதடெல்லாம் வெடிச்சுப்போயி, எந்தப் பக்கம் போறதுன்னு தெரியாம மணல்லயே நின்னாங்க. அதுல உமைமான்னு ஒரு சின்னப் பொண்ணு, நிறைமாசம். அவ புருஷனை அவன் பெரியப்பனே சங்கிலியில கட்டிப்போட்டுட்டான், அவனால வர முடியலே. யசார்னு ஒருத்தர், அடிமையா இருந்து விடுதலை ஆனவரு, அவருதான் அந்தப் பொண்ணைக் கைப்பிடிச்சுக் கூட்டிக்கிட்டு வந்தாரு.

மாமித்து அகப்பையைப் போட்டுட்டு ஓடினா. "எல்லாரும் இங்க வாங்க"ன்னா. துறைமுகத்து ஆளுங்களுக்கு அரபிப் பேச்சு அரைகுறையாத் தெரியும், அதை வெச்சுக் கூப்பிட்டா. எல்லாருக்கும் கஞ்சி ஊத்தினா. யசார் குனிஞ்சு கிண்ணத்தை வாங்கும்போது சட்டை விலகி முதுகு தெரிஞ்சுது. முதுகா அது, வெந்துபோன தோலு.

"யாரு பண்ணினது இது?"

"என் எஜமான்தான்மா. உச்சி வெயில்ல சுடுமணல்ல படுக்கவெச்சு, நெஞ்சு மேல கல்லைத் தூக்கி வெச்சான்."

"நீ என்ன பண்ணினே?"

"கடவுள் ஒருத்தன்தான்னு சொன்னேன்."

மாமித்து அவரு கிண்ணத்துல இன்னொரு அகப்பை ஊத்தினா.

அப்புறம் அவங்க அங்கயே தங்கிட்டாங்க. சில பேரு பக்கத்து வீடுகள்ல, உமைமாவும் யசாரும் மாமித்து வீட்டுல. யசார் கிணத்துலேருந்து தண்ணி சுமப்பாரு, உமைமா மாவு பிசைவா. இடுப்பு வலிச்சா சுவரைப் பிடிச்சுக்கிட்டு எதையோ ராகமா ஓதுவா. மாமித்துக்கு அதுல பாதி புரியாது, 'மர்யம்'ங்கிற பேரு மட்டும் காதுல விழும். அந்த ஊரு சனங்க ஈசா நபியை, இயேசுன்னு சொல்றாங்களே அவரை, கும்பிடுறவங்க, அவரைப் பெத்த மர்யம் பீவின்னா அவங்களுக்கு உசுரு. "எங்க மர்யமையா சொல்றே?"ன்னு கேட்டா. "ஆமாம்மா, பிரசவ வலி தாங்காம அவங்க பேரீச்ச மரத்தைப் பிடிச்சுக்கிட்டு அழுதாங்க, அந்த இடத்தை ஓதுறேன்"ன்னு உமைமா சொன்னா. மாமித்து அடுப்பை விட்டு வந்து, அந்தப் பொண்ணு இடுப்பைப் பிடிச்சு விட்டுக்கிட்டே கேட்டுக்கிட்டிருந்தா. ரொட்டி கருகிப்போச்சு, அதைக்கூட அவ பாக்கலே.

அப்புறம்தான் வினை வந்துச்சு. மக்காக்காரங்க சும்மா இருப்பாங்களா? தப்பிச்சவங்களைப் பிடிச்சுக் கூட்டிக்கிட்டு வரணும்னு, ராஜாகிட்ட சில பேரை அனுப்பினாங்க, துறைமுகத்துக்கு ரெண்டு பேரை அனுப்பினாங்க. துறைமுகத்துக்கு வந்த ரெண்டு பேரும் ஒரு பெரிய கப்பல்ல வந்து இறங்கினாங்க, கப்பல் நிறையத் தோல் சாமான். பதம் பண்ணின தோலு, பூ வேலை செஞ்ச சேணம், மெத்து மெத்துன்னு செருப்பு. அந்தத் துறைக்கு ஒரு அதிகாரி இருந்தான், பேரு கெப்ரு. எல்லாத்தையும் அவன் வீட்டு வாசல்ல இறக்கினாங்க. "ராஜா காதுக்குப் போறதுக்கு முந்தி, அந்த ஆளுங்களை எங்க கப்பல்ல ஏத்திடு"ன்னாங்க. கெப்ரு தோலைத் தடவிப் பாத்தான், தலையை ஆட்டிட்டான்.

முதல்ல கெப்ரு சிரிச்ச முகமா வந்தான். "மாமித்து, உனக்குச் செருப்பு கொண்டுவந்திருக்கேன், போட்டுப் பாரு. அந்த ஆளுங்களை மட்டும் என்னோட அனுப்பிடு"ன்னான். மாமித்து செருப்பைப் பாத்தா, அவன் முகத்தைப் பாத்தா. "என் காலுக்கு மணல் போதும், அவங்களை அனுப்ப மாட்டேன்"ன்னா.

அப்புறம் ரெண்டாந்தடவை, நியாயம் பேசிக்கிட்டு வந்தான். "அவங்க நம்ம ஆளுங்க இல்லே, நம்ம வேதம் இல்லே, கடல் தாண்டி வந்தவங்க"ன்னான். "அந்தப் பொண்ணு வலி எடுத்தா மர்யம் பேரைச் சொல்றா, எனக்கு அது போதும்"னா மாமித்து. "அது கிடக்கட்டும். அவ வயித்துல இருக்கிற பிள்ளை எந்தக் கடலைத் தாண்டிச்சு? அது இங்கதானே பிறக்கப்போவுது? அதை எப்படி அனுப்புவே?" கெப்ரு முணுமுணுத்துக்கிட்டே போயிட்டான்.

மூணாந்தடவை அவன் வரலே, தப்பு மேளம் வந்துச்சு. மேளக்காரன் தெருத்தெருவா அடிச்சுச் சொன்னான், "கடல் தாண்டி வந்தவங்க, அவங்க பிள்ளைங்க, அவங்க பேரப்பிள்ளைங்க, யாரா இருந்தாலும் நாளைக் காலையில கப்பல்ல ஏறிடணும். வீட்டுல ஒளிச்சு வெச்சா வீட்டை இடிச்சிடுவோம்." மக்கா ஆளுங்கன்னு பேரு சொல்லலே பாத்தீங்களா? சொன்னா ராஜா காதுக்குப் போயிடுமே. பிள்ளை, பேரப்பிள்ளைன்னு ஏன் சேத்தான்? மாமித்து, உமைமா வயித்துப் பிள்ளையைச் சொல்லி அவன் வாயை அடைச்சால்ல, அதுக்குத்தான். கெட்டிக்காரன்னு நினைப்பு.

மேளம் போனதும் யசார் எழுந்து நின்னாரு. "அம்மா, நாங்க போயிடறோம். எங்களுக்காக நீங்க வீட்டை இழக்கக் கூடாது. எனக்கு அந்த மணல் புதுசு இல்லே"ன்னாரு. உமைமா வயித்தை ரெண்டு கையாலயும் பொத்திக்கிட்டு உக்காந்திருந்தா. அந்தக் கப்பல்ல ஏறினா அந்தப் பிள்ளையும் அப்பனை மாதிரி அவங்க பிடியிலதான், அது அவளுக்குத் தெரியும்.

மாமித்துக்கும் பயம்தான். பயம் இல்லேன்னு நான் சொல்ல மாட்டேன். அவளுக்குன்னு இருந்தது அந்த வீடும் அந்த ரெண்டு அடுப்பும்தான். தெருவுல கொஞ்ச நேரம் நின்னுக்கிட்டு யோசிச்சா. மேளக்காரன் சொன்னதைத் திருப்பித் திருப்பிச் சொல்லிப் பாத்தா. பிள்ளைங்க, பேரப்பிள்ளைங்க. பிள்ளைங்க, பேரப்பிள்ளைங்க. அப்புறம் முந்தானையை இடுப்புல சொருகிக்கிட்டு, வீடு வீடாப் போனா.

விடிஞ்சதும் கெப்ரு சிப்பாய்ங்களோட கரைக்கு வந்தான். மக்காக்காரங்க ரெண்டு பேரும் கப்பலடியில நின்னாங்க. பாத்தா, கப்பல்ல முதல் ஆளா மாமித்து உக்காந்திருக்கா. மடியில கஞ்சிப்பானை.

"நீ எதுக்கு ஏறினே?"ன்னான் கெப்ரு.

"உன் உத்தரவுதான். எங்க அம்மா ஏமன்லேருந்து வந்தவ. நான் கடல் தாண்டி வந்தவளோட பிள்ளை. சட்டத்தை மீற எனக்குத் துணிச்சல் கிடையாது."

அப்புறம் படகு செய்யற தச்சன் வந்தான், உளிப்பையைத் தூக்கிக்கிட்டு. "எங்க தாத்தா அக்கரை"ன்னான், ஏறினான். அப்புறம் உப்பு விக்கிற அக்கா தங்கச்சிங்க மூணு பேரு வந்தாங்க, ஏறினாங்க. அப்புறம் வலை பின்றவங்க வந்தாங்க, கொல்லன் வந்தான், ஒட்டகம் மேய்க்கிறவன் ஒட்டகத்தோட வந்தான். ஒட்டகம் ஏற மாட்டேன்னு பலகையில மடங்கி உக்காந்துக்கிச்சு. துறைமுகம்னா அப்படித்தானே, எல்லாரும் எங்கிருந்தோ வந்தவங்கதான். சிப்பாய் ஒருத்தனோட அம்மா வந்தா. அவன் "அம்மா, நீ எங்க போறே?"ன்னான். "நீயும்தான் ஏறணும், எங்கப்பா எந்த ஊருன்னு நினைச்சே?"ன்னா. அவன் ஈட்டியை மணல்ல போட்டுட்டு அம்மா பின்னாலயே ஏறிட்டான்.

மாலுமி கத்தினான், "போதும், போதும், கப்பல் தாழுது"ன்னு. மக்காக்காரங்க, "எங்களுக்கு இவங்க வேண்டாம், அந்தப் பொண்ணும் அந்த அடிமையும் அவங்க கூட்டமும்தான் வேணும்"னாங்க. "அடிமை இல்லே, யசார்"னா மாமித்து. "அவங்களும் வருவாங்க. எல்லாருக்கும் கடைசியா வந்தவங்க, அதனால கடைசியா ஏறுவாங்க. அதுக்கு இன்னும் பாதி ஊரு ஏற வேண்டியிருக்கு."

அப்ப கூட்டத்தை விலக்கிக்கிட்டு ஒரு கிழவி கோலூன்றி வந்தா. யாரு தெரியுமா? கெப்ருவைப் பெத்தவ. "என்னைத் தூக்கி ஏத்துங்கப்பா"ன்னா.

கெப்ரு பதறிப்போயிட்டான். "அம்மா, வீட்டுக்குப் போ"ன்னான்.

"எந்த வீட்டுக்கு? உங்க தாத்தா அந்தக் கரையிலேருந்து நாலு ஆட்டோட வந்து இறங்கினவரு. இந்த ஊர்க்காரங்கதான் அவருக்குத் தங்க இடம் குடுத்தாங்க. நீ அவருக்குப் பேரன். உன் வாயாலதானே சொன்னே பேரப்பிள்ளைங்கன்னு, வா, வந்து ஏறு"ன்னா.

மக்காக்காரங்கள்ல ஒருத்தனுக்குக் கோவம் தலைக்கேறி, எல்லார் முன்னாலயும் கேட்டுட்டான், "அப்படின்னா எங்ககிட்ட வாங்கின தோல் சாமானுக்கு என்ன பதில்?"னு. ஊருக்கே புரிஞ்சுபோச்சு. மாமித்து கப்பல்ல எழுந்து நின்னு, "ஓஹோ, எங்களை வித்தது செருப்புக்கா?"ன்னா.

அன்னிக்குக் கப்பல் கிளம்பலே. எப்படிக் கிளம்பும், ஊரே அதுல உக்காந்திருக்கே. கஞ்சியைப் பங்கு போட்டுக் குடிச்சுக்கிட்டு, வெயிலுக்குத் துணியைப் பந்தலாக் கட்டிக்கிட்டு, இறங்க மாட்டோம்னு உக்காந்திருந்தாங்க. மறுநாளும் உக்காந்திருந்தாங்க. உப்பு விக்கிற அக்கா ஒருத்தி மட்டும் இறங்கி, வலி எடுத்த உமைமாவுக்குப் பிரசவம் பாத்தா. பொட்டப்பிள்ளை. கரையிலேருந்து பிள்ளை அழற சத்தம் கேட்டதும் மாமித்து கப்பல்லயே உக்காந்து அழுதா. தூக்கிப் பாக்க ஓடலாம்தான், ஆனா அவ இறங்கினா எல்லாரும் இறங்கிடுவாங்களேன்னு பல்லைக் கடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தா.

அப்புறம் துறையில நடந்த சேதி எட்டி, ராஜாகிட்டேருந்து ஆள் வந்தாரு. ராஜாகிட்ட போன மக்காக்காரங்களுக்கும் அங்க ஒண்ணும் நடக்கலே. அடைக்கலம்னு வந்தவங்களைக் குடுக்க மாட்டேன்னு ராஜா சொல்லிட்டாரு, கொண்டுபோன சாமானையெல்லாம் திருப்பிக் குடுத்துட்டாரு. துறையில வாங்கினதும் திரும்பிப் போவணும், வாங்கினவனே கொண்டுபோய்க் குடுக்கணும்னு அந்த ஆளு கெப்ருகிட்டச் சொன்னாரு. சனங்க இறங்கினாங்க, கெப்ரு ஏறினான். தோலு, சேணம், செருப்பு எல்லாத்தையும் அவன் தலையில வெச்சே ஏத்தினாங்க. மாமித்து அதை நின்னுகூடப் பாக்கலே, பிள்ளையைப் பாக்க ஓடிட்டா.

அக்கரையில மக்காக்காரங்க சாமானை வாங்கிக்கிட்டு, காரியம் முடிக்காத பயலேன்னு அவனைத் துரத்திட்டாங்க. அவன் ஒரு துறைக்குப் போனான், நீ யாருன்னு கேட்டு விரட்டினாங்க. இன்னொரு துறைக்குப் போனான், அங்கயும் விரட்டினாங்க. மூணாவது துறையில நாயை விட்டாங்க. கடைசியில எவனோ ஒரு மீன்காரன் படகுல, எலும்பும் தோலுமா, மாமித்து ஊருக்கே வந்து இறங்கினான்.

மாமித்து அவனைப் பாத்தா. கோவம் இல்லாமலா இருக்கும், நிறைய இருந்துச்சு. ஆனா ஒரு கிண்ணம் கஞ்சி ஊத்தி நீட்டினா. அவன் குடிச்சான், இன்னொண்ணு கேட்டான், குடுத்தா. தெம்பு வந்ததும் வாயைத் துடைச்சுக்கிட்டு, "மாமித்து, நீ ஊர்க்காரங்ககிட்ட ஒரு வார்த்தை சொன்னா எனக்கு என் பழைய வேலை..."ன்னு இழுத்தான்.

"கஞ்சி உண்டு, எப்ப வேணும்னாலும் வா"ன்னா மாமித்து. "படுக்க இடமும் உண்டு. துறை மட்டும் உன் கைக்கு வராது."

உமைமா புருஷன் என்ன ஆனான்னா கேக்கறே? வந்து சேந்தான், சங்கிலித் தழும்போட. வந்து பிள்ளையைத் தூக்கினப்ப அது நடக்கவே பழகியிருந்துச்சு.

அவ்வளவுதான் கண்ணுங்களா. ஒதுங்க வந்தவனைப் பிடிச்சுக் குடுக்கச் சொல்லி எந்த மேளம் அடிச்சாலும், நீங்க குடுக்காதீங்க. அவங்க அங்க நல்லா இருந்தாங்க, நாம இங்க நல்லா இருப்போம், தலையணையைப் போட்டுப் படுங்க.