பானைக்குள் ஐந்தாவது எலுமிச்சை

வெகு காலத்துக்கு முன்னால் மேழிக்கோட்டைச் சீமையைச் சேந்தவர்மன் என்று ஒரு ராஜா ஆண்டுவந்தான். சந்தேகப் பிராணி. தன் நிழல் கொஞ்சம் பிந்தி வந்தால்கூட, எங்கே போய்விட்டு வருகிறது என்று திரும்பிப் பார்ப்பான். அவனுடைய அமைச்சர் இளநாகர். அந்தப் பதவிமேல் கண் வைத்திருந்தவர் அரண்மனை அதிகாரி மருதப்பர்.

ஒருநாள் மருதப்பர் ராஜாவின் காதைக் கடித்தார். "கணக்கையும் சாமி நம்பிக்கையையும் எந்த ஆதாரத்தாலும் அசைக்க முடியாது என்று அமைச்சர் ஊரெல்லாம் சொல்லித் திரிகிறார். நாளை உங்கள் பேச்சும் எடுபடாது என்பார். கணக்கை நான் சபையிலேயே மாற்றிக் காட்டுகிறேன்."

ராஜாவின் புருவம் ஏறியது. "காட்டிவிட்டால் இளநாகர் நாடு கடத்தப்படுவார்!"

மறுநாள் சபை கூடியது. மருதப்பர் ஒரு பானையைக் கவிழ்த்துக் காட்டினார். காலி. இரண்டு எலுமிச்சம்பழம் போட்டார். இன்னும் இரண்டு போட்டார். நன்றாகக் குலுக்கிக் கொட்டினார். ஐந்து பழம் உருண்டது!

"பார்த்தீர்களா? இரண்டும் இரண்டும் ஐந்து!"

ராஜா இளநாகரை முறைத்தான். "கண்ணெதிரே ஆதாரம். இப்போது என்ன சொல்கிறீர்?"

"அரசே, இப்போது உங்களுக்குச் சந்தேகம் கணக்கின் மேலா, பானையின் மேலா?"

ராஜா விறுவிறுவென்று இறங்கி வந்து பானையைத் தரையில் அடித்தான். கழுத்துப் பக்கத்து ஓட்டின் உள்புறம் மெழுகு அப்பியிருந்தது. பழத்தை ஒட்டிவைத்திருந்த மெழுகு. சபை கொல்லென்று சிரித்தது.

மருதப்பர் விடவில்லை. "சரி, சாமி நம்பிக்கை?"

"போன திருவிழாவில் காளி கோயில் விளக்கு அணைந்ததே. அரசர் காளியையா சந்தேகப்பட்டார்?" என்றார் இளநாகர்.

"எண்ணெய் ஊற்றினவனை!" என்றான் ராஜா. "அப்படியானால் கணக்கும் சாமி நம்பிக்கையும் ஒன்றுதானா?"

"இல்லை, அரசே. எந்த நாட்டு ராஜாவாக இருந்தாலும் இன்று பானையைத்தான் உடைத்திருப்பார். விளக்கு அணைந்ததற்கோ நாட்டுக்கு நாடு வேறு காரணம் சொல்வார்கள்." இளநாகர் குரலைத் தாழ்த்தினார். "என் வீட்டை ரகசியமாகச் சோதனை போட்டீர்கள். ஒன்றும் கிடைக்கவில்லை. என்ன நினைத்தீர்கள்?"

ராஜா நெளிந்தான். "நன்றாக ஒளித்துவைத்திருக்கிறீர் என்று நினைத்தேன்."

"மறுபடியும் சோதித்தீர்கள்."

"யாரோ முன்னாலேயே உமக்குச் சொல்லிவிட்டார்கள் என்று..."

"நான் கணக்கும் இல்லை, காளியும் இல்லை. வெறும் மனுஷன். என் விஷயத்திலும் ஆதாரம் செல்லாது என்றால், அது வேறு எதற்குத்தான் செல்லும்?"

ராஜாவின் முகம் சிவந்தது. கோபமா வெட்கமா என்று தெரியாமல் சபை மூச்சை அடக்கியது. வெட்கம்தான். மருதப்பரின் அதிகார முத்திரையைப் பிடுங்கினான். தன் தோளில் கிடந்த பட்டுச் சால்வையை எடுத்து இளநாகருக்குப் போர்த்தினான். "இன்றே உம் வீட்டிலிருக்கும் என் ஒற்றர்களைத் திரும்ப அழைக்கிறேன்!"

சாயங்காலம் அமைச்சர் வீடு போய்ச் சேர்ந்தார். வாசலில் காவலாளி இல்லை. தோட்டக்காரன் இல்லை. கொல்லையில் மாடு கறக்க ஆளில்லை. அடுப்படியில் சமையல்காரனையும் காணோம்.

சால்வையைக் கழற்றிக் கொடியில் போட்டுவிட்டு, இளநாகர் தானே உட்கார்ந்து அடுப்பை ஊத ஆரம்பித்தார்.